நடுச்சுவர்

மழை விட்டு நாலாம் நாள்.
மெயின் சுவிட்சைத் தொட
இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை.

கான் அடைத்து, மண்கரை சரிந்து,
இஸ்தோப்பு வழியாக ஏறி வந்த தண்ணி
முழங்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது
காம்பராவைச் சுற்றி,
தையல்காரன் இடுப்பளவு எடுத்த மாதிரி.

சேற்றை மண்வெட்டியால் அள்ளினேன்.
பிறகு தகரத்துண்டால். பிறகு கையால்.
பஞ்சு மெத்தையை நாலு பேராகத் தூக்கித்
தேயிலை ஓரம் போட்டோம்.
அதைப் பிழிந்தால் ஒரு பீலி ஓடும்.
உப்பிய சுண்ணாம்பைச் சிரட்டையால் சுரண்டச் சுரண்ட
நீலம், அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில்
எந்த வருசத்துக் கையோ அடித்த பச்சை.

மஸ்கெலியாவில் வாங்கிய குளோரின் பவுடர் கண்ணைக் கரித்தது.
கரிச்சட்டியை மூலைக்கு மூலை நகர்த்தினேன்.
இங்கே வெயில் பத்து மணிக்குத்தான் மலையேறி வரும்;
ஒரு மணிக்குப் பனி வந்து
அதைக் கையோடு கூட்டிப் போய்விடும்.
அந்த மூன்று மணி நேரத்துக்குள்
வீட்டையே வெளியில் விரித்து, வீட்டையே மடித்து உள்ளே வைக்கணும்.

மூன்று சுவர் காய்ந்தது.
நாலாவது காயவில்லை.
காலையில் துடைத்தால் மாலையில் வியர்க்கும்.
வெள்ளையடித்தால் விடியுமுன்
மிளகு தூவியது போல் பூஞ்சணம்.

நாலாவது சுவர் எனக்கு மட்டும் சொந்தமில்லை.
அந்தப் பக்கம் சந்தனமேரி.
பூட்டு. வத்தளைப் பக்கம்
ஏதோ வீட்டில் வேலை.
கான் சண்டைக்குப் பிறகு
பதினாலு மாதமாய்ப் பேச்சில்லை.
என் வாழைச் சருகுதான் அடைத்தது என்றாள் அவள்.
உன் கோழிச் சிறகு என்றேன் நான்.
இந்த முறை அடைத்தது மண்.
அதில் யார் பேரும் எழுதியிருக்கவில்லை.

அவள் தங்கச்சியிடம் நம்பர் வாங்கினேன்.
"பூட்டை உடைக்கவா?"
அந்த முனையில் ஒரு பிரஷர் குக்கர்
மூன்று தரம் கூவி ஓய்ந்தது.
"உடைங்க."

கதவு உப்பியிருந்தது. தோளால் இடித்தேன்.
படிக்கல் தடுத்ததில் தண்ணி உள்ளேயே நின்றது,
அதற்கும் சேர்த்துத்தான் பூட்டிப் போயிருந்தாள்.
அரிசி புளித்திருந்தது, பயறு முளை விட்டிருந்தது.
உறை பிரிக்காத பிளாங்கட்டில் இஞ்சி நிறக் காளான்.
மாதா படத்துக்குப் பின்னால் ஒரு தவளை,
என்னைப் பார்த்ததும் அசையவில்லை.
வாளி வாளியாய் அள்ளிக் கானில் ஊற்றினேன்.
அதே கானில்.

தகரப்பெட்டி நிறையக் காகிதம்.
போட்டோக்களை நல்ல தண்ணியில் மிதக்கவிட்டு
ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தேன்,
முகத்தைத் தொடாமல், ஓரத்தைப் பிடித்து.
பிறப்புச் சான்றிதழ் இரண்டு. ஈ.பி.எப். துண்டு.
மகன் ரிப்போர்ட், கணக்கு முப்பத்தொன்று.
எல்லாவற்றுக்கும் அடியில்
கிராம சேவகருக்கு எழுதிய மனுவின் நகல்:
என் பேர், முதலெழுத்தோடு, நாலு தரம்.
'தகாத வார்த்தை' என்ற இடத்தில்
மை பரவி நீலமாய் ஊறியிருந்தது.
என்ன வார்த்தை என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கை தூரம்.

பழைய பேப்பருக்கு நடுவில் வைத்தேன்.
ராத்திரி எழும்பி ஒரு தரம் மாற்றினேன்.
சுருங்காமலிருக்க மேலே அம்மிக்கல்.

"ஏதாச்சும் மிஞ்சிச்சா?"
"பிளாங்கட் போச்சு. பயறு போச்சு.
பேப்பரெல்லாம் காயுது."
"எல்லாமா?"
"எல்லாம்."
குக்கர் இல்லை இப்போது. தெருவில் ஏதோ ஆட்டோ.
"அந்தச் செவத்துக்கு வெறும் சுண்ணாம்பு நிக்காது.
உப்புக் கரைச்சு அடிக்கணும்.
எம் பக்கத்துக்கும் சேத்து வாங்குங்க, காசு போடுறேன்."

உப்பு மூன்று கட்டு. சுண்ணாம்பு ஒரு வாளி.
இரண்டு காம்பராவின் கதவும் திறந்து கிடக்கிறது.
தூரிகையை நனைத்துவிட்டு நிற்கிறேன்.
வெயில் வர இன்னும் இருபது நிமிசம்.